பழைய இசைத்தட்டைக் கணினியில் ஏற்ற எந்தச் சாமான் வாங்கலாம்?

யூஎஸ்பி ஒயர் வைத்த டர்ன்டேபிள் ஒன்றை வாங்கிவிட்டால் வீட்டில் இருக்கும் பழைய இசைத்தட்டுகளை எல்லாம் கணினியில் ஏற்றிவிடலாமா என்று எங்கள் ஊரில் பலர் என்னிடம் கேட்கிறார்கள். ஏற்றலாம். ஆனால் எந்த டர்ன்டேபிள், அதில் என்ன ஊசி, அதற்கும் கணினிக்கும் நடுவில் எந்தப் பெட்டி என்பதைப் பொறுத்துத்தான் பாட்டு பாட்டாக வந்து சேரும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காசை ஊசியிலும் அதைத் தாங்கும் காட்ரிட்ஜிலும் போடுங்கள், கணினிப் பக்கம் மிச்சம் பிடியுங்கள். ஊசி எடுக்காமல் விட்டதை அப்புறம் எந்த மென்பொருளாலும் கொண்டுவர முடியாது.

நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். ஹீவுட், டோவன்பி, எல்பில் என்று தோட்டப் பெயரைச் சொல்லித்தான் இங்கே இன்னும் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்கிறோம், தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்து பல வருடம் ஆன பிறகும் அப்படித்தான். வீடு மாறும்போது கட்டில் பீரோ எல்லாம் லாரியில் ஏறிவிட்டன, தட்டுப் பெட்டிகள் பல அங்கேயே நின்றுவிட்டன. மிஞ்சியவை அலமாரி மேலும் கோயில் ஸ்டோர் அறையிலும் கிடக்கின்றன. சாமான் வாங்கக் கிளம்பும் முன் அந்தப் பெட்டியை இறக்கி, உள்ளே இருப்பது எந்த வகைத் தட்டு என்று பிரித்துப் பாருங்கள். 12 அங்குல எல்பி என்றால் நிமிடத்துக்கு 33⅓ சுற்று. 7 அங்குலச் சின்னத் தட்டு பெரும்பாலும் 45 சுற்று, நம் வீடுகளில் இருக்கும் தமிழ்ப் பாட்டில் பெரும்பங்கு இதில்தான் இருக்கும். மூன்றாவது 78, கனமான அரக்குத் தட்டு, கீழே விழுந்தால் உடைந்துவிடும். கல்கத்தா பக்கத்து டம்டம் ஆலையில் இருந்து 60களிலும் 78 தட்டுகள் வந்துகொண்டிருந்தன, அதனால் நம்மவர் பெட்டிகளில் அவை நாம் நினைப்பதைவிட அதிகமாகவே கிடைக்கும். பெட்டியில் 78 இருந்தால் நீங்கள் வாங்க வேண்டிய சாமானே வேறு. கடைக்காரர் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார், நீங்கள்தான் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

தட்டின் நிலைமையும் முக்கியம். கிராணி (தோட்டத்துக் குமாஸ்தா) வீட்டு ரேடியோகிராமில் பத்திரமாக ஓடிய தட்டு ஒரு ரகம். திருவிழாவுக்குக் கூம்பு ஸ்பீக்கர் கட்டி விடிய விடிய ஓட்டிய தட்டு இன்னொரு ரகம், அதில் தேய்ந்த ஊசியும் கனத்த கையும் பள்ளத்தின் சுவரைச் செதுக்கி எடுத்திருக்கும். இரண்டாவது ரகம்தான் நம் ஊரில் அதிகம். அதற்கும் வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

முதலில் வாங்கவே கூடாதது. சூட்கேஸ் மாதிரி மூடி வைத்து, உள்ளேயே ஸ்பீக்கர் வைத்து, கலர் கலராக விற்கிறார்களே, அதைத் தொட வேண்டாம். அந்த வகையில் பெரும்பாலும் செராமிக் காட்ரிட்ஜ்தான் இருக்கும், ஊசி தட்டின் மேல் 5 கிராம் அல்லது அதற்கும் மேல் அழுத்தும். நல்ல காந்தக் காட்ரிட்ஜுக்கு 2 கிராம் போதும். ஸ்பீக்கரும் தட்டும் ஒரே பெட்டியில் இருப்பதால் ஸ்பீக்கர் அதிரும் அதிர்வு ஊசிக்கே திரும்பி வந்து பாட்டோடு கலக்கும். சிலவற்றில் பென் டிரைவைச் செருகினால் நேராக எம்பி3 ஆகப் பதிந்துவிடும் என்று பெருமையாக எழுதியிருப்பார்கள். அளவைக் கூட்டிக் குறைக்க வழி இல்லை, சுருக்கப்பட்ட கோப்புதான் கிடைக்கும், அதைத் திரும்பச் சுத்தம் செய்ய உட்கார்ந்தால் ஒலி இன்னும் கெடும். ஒரே ஒரு முறை ஓட்டக்கூடிய நிலையில் இருக்கும் தட்டை இதில் வைப்பது பாவம். சும்மா கேட்க வேண்டும், தட்டு போனாலும் பரவாயில்லை என்பவர்களைப் பற்றி நான் பேசவில்லை.

ஏன் நடுவில் ஒரு பெட்டி வேண்டும் என்று பலருக்குப் புரிவதில்லை. காந்தக் காட்ரிட்ஜில் இருந்து வருவது சுமார் 4 மில்லிவோல்ட், கணினியின் லைன் (சாதாரண ஆடியோ) துளையில் நேராகச் செருகினால் எறும்பு பேசுவது போலத்தான் கேட்கும். அளவு குறைவாக இருப்பது மட்டும் இல்லை. தட்டை வெட்டும்போதே தாழ்ந்த ஒலிகளை அடக்கி, உயர்ந்த ஒலிகளைத் தூக்கித்தான் வெட்டுகிறார்கள். அப்படிச் செய்யாவிட்டால் மத்தளத்தின் தாழ்ந்த ஒலிக்குப் பள்ளம் அகலமாகி ஒரு பக்கத்தில் சில நிமிடம்தான் கொள்ளும், மெல்லிய உயர் ஒலிகள் தட்டின் இரைச்சலில் மூழ்கிவிடும். அளவைத் தூக்கி, இதையும் திருப்பிச் சரி செய்வதுதான் ஃபோனோ பிரீஆம்ப் என்ற சுற்றின் வேலை. 20 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 20 டெசிபல் கூட்டும், 20,000 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட அதே அளவு குறைக்கும். இந்த வளைவுக்கு ஆர்ஐஏஏ என்று பெயர், 50களின் நடுவில் இருந்து எல்லா நிறுவனங்களும் இதற்கு வந்து சேர்ந்தன. ஆக, டர்ன்டேபிளுக்கு உள்ளேயோ வெளியேயோ எங்காவது ஓர் இடத்தில் ஃபோனோ பிரீஆம்ப் இருந்தே ஆக வேண்டும். ஓர் இடத்தில் மட்டும்தான் இருக்க வேண்டும். உள்ளேயும் ஆன் செய்து வெளிப் பெட்டியையும் ஃபோனோவில் வைத்தால் பாட்டு கிழிந்து கேட்கும், இரண்டிலும் இல்லாவிட்டால் மெலிந்து கேட்கும். சத்தம் சரியில்லை என்று என்னிடம் கொண்டுவந்த டர்ன்டேபிள்களில் இந்த ஒரு சுவிட்சைத் தட்டியதும் சரியானவை நிறைய.

சரி, சாமானுக்கு வருவோம்.

ஆடியோ டெக்னிகா ஏடி-எல்பி60எக்ஸ்யூஎஸ்பி. எளிமையான ஆரம்பம். முழுக்கத் தானியங்கி, பட்டனை அழுத்தினால் கை தானே எழுந்து தட்டின் ஓரத்தில் இறங்கும், பக்கம் முடிந்ததும் தானே திரும்பிப் போய்ப் படுக்கும். கை நடுங்கும் பெரியவர்கள் தாங்களே ஓட்டிக் கேட்க வேண்டும் என்றால் இதைவிட நல்லது இந்த விலையில் நான் பார்க்கவில்லை. பிரீஆம்ப் உள்ளேயே உண்டு, யூஎஸ்பி ஒயரைக் கணினியில் செருகினால் தனியாக டிரைவர் எதுவும் கேட்காது. குறைகள் அதன் அமைப்பிலேயே இருக்கின்றன: 33, 45 இரண்டு வேகம்தான், 78 கிடையாது. காட்ரிட்ஜ் கையோடு சேர்ந்தது, கழற்றி வேறு போட முடியாது, ஊசியை மட்டும் மாற்றலாம். அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க எடைக்கட்டி இல்லை. உங்களிடம் இருப்பது நல்ல நிலையில் உள்ள சில எல்பியும் சின்னத் தட்டும் மட்டும் என்றால் இதை வாங்கிக்கொண்டு மேலே படிப்பதை இங்கேயே நிறுத்திவிடலாம், அவ்வளவு நிம்மதியான சாமான்.

ஏடி-எல்பி120எக்ஸ்யூஎஸ்பி. ஆயிரம் வெள்ளியை (ரிங்கிட்) தாண்டும், ஆனால் தோட்டத்துப் பெட்டிகளுக்கு நான் சொல்வது இதுதான். பெல்ட் இல்லை, மோட்டார் நேராகத் தட்டைச் சுற்றுகிறது. 33, 45, 78 மூன்று வேகமும் உண்டு. வேகத்தை மேலும் கீழும் நகர்த்தச் சறுக்குப் பட்டை இருக்கிறது, சுற்று சரியாக இருக்கிறதா என்று ஓரத்துப் புள்ளிகளில் விழும் வெளிச்சத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். நாதஸ்வரம் கேட்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. வேகம் 6 விழுக்காடு கூடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும், பாடுபவரின் குரலே வேறு ஆளின் குரலாகிவிடும்.

இதோடு வருவது ஏடி-விஎம்95இ காட்ரிட்ஜ், அழுத்தம் 2 கிராம். இந்த விஎம்95 வரிசையின் சிறப்பே ஊசியை விரலால் இழுத்துக் கழற்றி அதே உடலில் இன்னொன்றைச் செருகலாம் என்பதுதான். 78க்கு என்றே விஎம்என்95எஸ்பி என்ற ஊசி இருக்கிறது. எல்பி ஊசியின் முனை ஆரம் 0.018 மில்லிமீட்டர் அளவு, 78க்கு வேண்டியது 0.076 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட நான்கு மடங்கு. எல்பி ஊசியை 78 தட்டில் வைத்தால் அது பள்ளத்தின் சுவரைத் தொடாமல் அடியில் போய் விழுந்து, அங்கே பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த குப்பையைத்தான் வாசிக்கும். பாட்டு தூரத்தில் கேட்கும், இரைச்சல் காதில் அறையும், ஊசியும் வீணாகும். பலர் 78 தட்டு என்றாலே அப்படித்தான் கரகரக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சரியான ஊசியைப் போட்டுக் கேட்டுப் பாருங்கள், அந்தக் காலத்துக் குரல் அவ்வளவு கனமாக எதிரில் வந்து நிற்கும். ஊசியை மாற்றும்போது அழுத்தத்தையும் 5 கிராமுக்குக் கொண்டுபோக வேண்டும். எடைக்கட்டியில் பொறித்திருக்கும் எண்ணை மட்டும் நம்பாமல் ஊசி எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சில பத்து வெள்ளிதான். வேலை முடிந்து எல்பிக்குத் திரும்பும்போது மறக்காமல் 2 கிராமுக்கு இறக்குங்கள்.

இந்த டர்ன்டேபிளில் யூஎஸ்பி உள்ளேயே இருக்கிறது, 16 பிட்டில், அதாவது சிடி அளவில், பதியும். அப்படியானால் தனிப் பெட்டி எதற்கு? பாதிப் பேருக்குத் தேவையில்லை. ஆனால் உள்ளே இருக்கும் யூஎஸ்பியில் வரும் அளவைக் கையால் திருகிக் குறைக்கக் குமிழ் இல்லை, 45 சுற்றுத் தட்டுகளில் பாட்டைச் சத்தமாக வெட்டியிருப்பார்கள், உச்சத்தில் போய் முட்டும் அபாயம் உண்டு. முட்டி நசுங்கிய ஒலி நசுங்கியதுதான், கணினியில் அளவைக் குறைத்தாலும் நசுங்கல் போகாது.

தனிப் பெட்டிகளில் மலிவானது பெஹ்ரிங்கர் யூஎஃப்ஓ202. நான் வாங்கியபோது இருநூறு வெள்ளிக்குள் முடிந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, பிரீஆம்ப் உள்ளே, ஃபோனோவா லைனா என்று மாற்ற ஒரு சுவிட்ச், எர்த் ஒயர் மாட்ட ஒரு திருகு. ஒன்றைக் கவனியுங்கள்: இதே உருவத்தில் யூசிஏ202, யூசிஏ222 என்று வேறு இரண்டு உண்டு, அவற்றில் ஃபோனோ பிரீஆம்ப் கிடையாது. ஷோப்பி இணையக் கடையில் தேடினால் மூன்றும் அடுத்தடுத்து வந்து நிற்கும், படத்தைப் பார்த்து வாங்காமல் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்து வாங்குங்கள். வீட்டில் பழைய நல்ல டர்ன்டேபிள் ஏற்கெனவே இருக்கிறது, யூஎஸ்பி மட்டும் இல்லை என்றால் இந்தச் சின்னப் பெட்டி ஒன்றே போதும், புது டர்ன்டேபிள் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். இதிலும் பதியும் அளவுக்குக் குமிழ் கிடையாது, அது ஒன்றுதான் குறை.

அந்தக் குறையும் இல்லாதது ஏஆர்டி யூஎஸ்பி ஃபோனோ பிளஸ். யூஎஃப்ஓவைவிட விலை கூட, ஆனால் நான் தினமும் கையில் எடுப்பது இதைத்தான். முன்னால் ஒரு குமிழ், பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு. தட்டில் மிகச் சத்தமான இடத்தை ஓட்டிப் பார்த்து, விளக்கு சிவப்புக்குப் போகாத இடத்தில் குமிழை நிறுத்திவிட்டால் அந்தப் பக்கம் முழுக்கக் கவலை இல்லை. தாழ்ந்த அதிர்வை வெட்டும் சுவிட்ச் ஒன்றும் இருக்கிறது. நம் ஊர் வெயிலில் வைத்து வளைந்துபோன தட்டுகள் ஒவ்வொரு சுற்றிலும் ஊசியை மேலும் கீழும் தூக்கிப் போடும், காதுக்குக் கேட்காத அந்த ஆட்டம் அளவு காட்டும் கோட்டை ஆட்டிக்கொண்டே இருக்கும், இந்தச் சுவிட்சைத் தட்டினால் அது அடங்கும். ஹெட்போன் துளையும் உண்டு, பதியும்போதே கேட்கலாம்.

ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 போன்ற ஸ்டுடியோப் பெட்டிகளைச் சிலர் சொல்வார்கள். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை போகும், நல்ல சாமான்தான். ஆனால் ஃபோனோ பிரீஆம்ப் அதில் இல்லை, தனியாக வாங்க வேண்டும். வீட்டில் பாடிப் பதிகிறவர்கள் ஏற்கெனவே வைத்திருந்தால் பயன்படுத்துங்கள், தட்டுக்காக மட்டும் என்றால் தேவையில்லை. நல்ல வினைல் தட்டிலேயே பாட்டுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி 60, 70 டெசிபல்தான், 16 பிட்டில் 96 டெசிபல் இடம் இருக்கிறது. தோட்டத்துத் தட்டுக்கு அதுவே தாராளம்.

ஜப்பானில் இருந்து வரும் பழைய சாமான் கடைகளில் அருமையான டர்ன்டேபிள்கள் கிடைக்கின்றன, ஈப்போவிலும் பார்த்திருக்கிறேன், கோலாலம்பூர்ப் பக்கம் அம்கார்ப் மால் வாரக்கடைசிச் சந்தைக்குப் போனால் தட்டும் சேர்ந்தே கிடைக்கும். வாங்கும் முன் பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். ஜப்பானில் 100 வோல்ட், நம் சுவரில் வருவது 230. நேராகச் செருகினால் கருகிவிடும், இறக்கும் டிரான்ஸ்பார்மர் வேண்டும். அதோடு முடியவில்லை. ஜப்பானின் கிழக்கில் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60. மின்சாரத்தின் அலைவைப் பிடித்துச் சுற்றும் பெல்ட் மோட்டார் 60க்கு அமைத்ததாக இருந்தால் நம் 50இல் ஆறில் ஐந்து பங்கு வேகம்தான் ஓடும், சுருதி ஒன்றரைக் கட்டைக்கு மேல் இறங்கிவிடும். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. சில மாடல்களில் 50க்கு வேறு கப்பி கொடுத்திருப்பார்கள், அது இல்லாவிட்டால் குவார்ட்ஸ் வைத்த நேரடிச் சுற்று மாடலாகப் பார்த்து எடுங்கள், அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

ஊசியைப் பற்றி இன்னும் கொஞ்சம், ஏனென்றால் பணம் வீணாவது அதிகமும் இங்கேதான். இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் அசல் என்று வாங்கிய ஊசி வந்தபோது பெட்டியும் எழுத்தும் சரியாகவே இருந்தன, ஆனால் முனை கோணலாக ஒட்டியிருந்தது, இடது பக்கம் மட்டும் பாட்டு கரகரத்தது. மொபைல் கேமராவில் மாட்டும் சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்ததும் தெரிந்தது. அதற்குப் பிறகு அங்கீகாரம் பெற்ற கடையில் மட்டும் வாங்குகிறேன், பத்து இருபது வெள்ளி கூடினால் கூடட்டும். வைர ஊசி என்றாலும் அதன் ஆயுள் சில நூறு மணி நேரம்தான். கோயில் பெட்டி ஒன்றை முழுசாக ஏற்றுவதற்குப் புது ஊசியோடு ஆரம்பிப்பது நல்லது.

இப்போது தேய்ந்த தட்டுக்கு வழி. பழைய கனத்த ஊசி பள்ளத்தின் சுவரில் ஒரு குறிப்பிட்ட உயரத்தில்தான் உரசி உரசித் தேய்த்திருக்கும். வேறு அளவு முனை உள்ள ஊசியைப் போட்டால் அது அந்தத் தேய்ந்த இடத்துக்கு மேலேயோ கீழேயோ, உரசல் படாத சுவரில் உட்காரும். விஎம்95 வரிசையில் உருண்டை முனை ஊசி, நீள்வட்ட முனை ஊசி இரண்டும் உண்டு, இரண்டையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தட்டுக்கும் எது நன்றாகக் கேட்கிறதோ அதைப் போடுகிறேன். கூம்பு ஸ்பீக்கர் கட்டி ஓட்டிய ஒரு தட்டு, ஒன்றுக்கும் உதவாது என்று தள்ளி வைத்தது, ஊசி மாற்றியதும் பல்லவியில் இருந்து பளிச்சென்று வந்தது. இந்த ஒரு காரணத்துக்காகவே ஊசி மாற்றக்கூடிய டர்ன்டேபிளுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம்.

இன்னொன்று, இதற்குச் செலவே இல்லை. 60களின் தமிழ்த் தட்டுகள் பெரும்பாலும் மோனோ. மோனோ தட்டில் பாட்டு பக்கவாட்டு அசைவில் மட்டும்தான் இருக்கிறது, தூசியும் கீறலும் ஊசியை மேலும் கீழும் தூக்கும். ஸ்டீரியோவாகப் பதிந்துவிட்டு ஆடாசிட்டி என்ற பதிவு மென்பொருளில் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கலந்தால் அந்த மேல்கீழ் இரைச்சல் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும், பாட்டு அப்படியே நிற்கும். ஒரு சுவர் மட்டும் தேய்ந்திருந்தால் கலக்காமல் நல்ல பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அதனால் எந்தத் தட்டையும் முதலில் ஸ்டீரியோவாகவே பதியுங்கள்.

பதியும் முன் கழுவ வேண்டும், இதில் சோம்பல் கூடாது. நம் ஈரக் காற்றில் தட்டுகளில் வெள்ளை வெள்ளையாகப் பூசணம் பிடிக்கும், துடைத்தால் போனது போல இருக்கும், பள்ளத்துக்குள் இருந்துகொண்டே இருக்கும். காய்ச்சி வடித்த தண்ணீர் அல்லது உப்பு நீக்கிய தண்ணீர் ஒரு பாட்டில், அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, மென்மையான துணி, பள்ளத்தின் வழியே வட்டமாகத் துடைத்து, அப்புறம் சோப்பு இல்லாத அதே தண்ணீரில் அலசி, நிழலில் நிறுத்திக் காய வையுங்கள். நடுக் காகிதத்தில் தண்ணீர் படக் கூடாது. ஆல்கஹால் கலந்த திரவம் விற்கிறார்கள், வினைலுக்குச் சரி, 78க்கு ஒரு துளிகூடப் படக் கூடாது, ஆல்கஹாலில் அரக்கு கரைந்துவிடும். குளிர்நாட்டுக்காரர்கள் புலம்பும் நிலைமின்சாரத் தொல்லை நமக்குக் குறைவு, அந்த ஈரம் நமக்குச் செய்யும் ஒரே உபகாரம் இது.

ம்ம்ம் என்று ஓர் இரைச்சல் அடியில் ஓடினால் எர்த் ஒயரைப் பாருங்கள், டர்ன்டேபிளில் தனியாகத் தொங்கும் மெல்லிய ஒயர் அது, பெட்டியின் திருகில் இறுக்க வேண்டும். அதற்கும் போகவில்லை என்றால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். பலகை வீட்டில் இருப்பவர்கள் டர்ன்டேபிளைச் சுவரில் அடித்த பலகையில் வையுங்கள், இல்லாவிட்டால் யாராவது அறையில் நடந்தாலே ஊசி குதிக்கும். மாலையில் இடி கட்டினால் எல்லாவற்றையும் சுவரில் இருந்து பிடுங்குங்கள், பேராக்கில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

கணினி எது என்பது முக்கியமே இல்லை, பையன் படித்து முடித்து ஒதுக்கிய பழைய லேப்டாப் போதும். ஆடாசிட்டி இலவசம், 2000இல் இருந்து இருக்கிறது. பதிவுச் சாதனத்தில் யூஎஸ்பி ஆடியோ கோடெக் என்று தெரிவதைத் தேர்ந்தெடுத்து, சேனல் இரண்டு என்று வையுங்கள், விண்டோஸ் சில நேரம் இதை மைக் என்று நினைத்து ஒரே சேனலாக எடுத்துக்கொள்ளும். உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பாருங்கள். சிடி தரத்தில் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 எம்பி, 20 நிமிடப் பக்கம் 200 எம்பிக்குச் சற்று மேல். 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் 1,500 மணி நேரத்துக்கு மேல் கொள்ளும், ஊரில் இருக்கும் தட்டு முழுவதும் அடங்கிவிடும். மூலத்தை, ஒலி எதுவும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பாக வையுங்கள், மொபைலில் அனுப்ப எம்பி3 தனியாக எடுத்துக்கொள்ளலாம்.

இரைச்சல் நீக்கும் வசதிகளை நிதானமாகப் பயன்படுத்துங்கள். ஆடாசிட்டியின் கிளிக் நீக்கிக்குத் தவில் அடியும் கீறலும் ஒன்றுபோலத் தெரியும், அளவை ஏற்றினால் அடியின் முனையை எல்லாம் சீவி எறிந்துவிடும். ஓய்வுபெற்ற கிராணி ஒருவருக்கு அவர் வீட்டுத் தட்டையே இரண்டு விதமாகப் போட்டுக் காட்டினேன், ஒன்று நன்றாகச் சுத்தம் செய்தது, இன்னொன்று கீறலோடு. கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "தம்பி, ரெண்டாவதுலதான் அடி விழுது, முதல்ல போட்டதுல விழல," என்றார். அதுதான் சரி. பெரிய வெடிப்புகளை மட்டும் கையால் தேடி எடுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். சுத்தம் செய்யாத மூலப் பதிவை ஒருபோதும் அழிக்காதீர்கள், நாளைக்கு இதைவிட நல்ல மென்பொருள் வரும்.

பதிந்ததை அப்படியே யூடியூபில் போடலாமா என்றால் கொஞ்சம் யோசியுங்கள். மலேசியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டுக்குப் பிறகு 50 ஆண்டு, பாட்டெழுதியவர் இசையமைத்தவர் உரிமை அவர்கள் காலத்துக்குப் பிறகும் 50 ஆண்டு. வீட்டில் கேட்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

கடைசியாக, தட்டின் இரண்டு பக்கத்து நடுக் காகிதத்தையும் உறையையும் படம் எடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள். பாடியவர் பெயர், நிறுவனம், தட்டு எண் எல்லாம் அதில்தான் இருக்கின்றன, ஓரத்தில் சிலர் தங்கள் பெயரையும் தோட்டத்தையும் மையில் எழுதி வைத்திருப்பார்கள், அதுவும் படத்தில் தெரியும்படி எடுங்கள். உள்ளூர்க் கலைஞர்கள் பாடிய தட்டு ஒன்று கையில் கிடைத்தால் அதை முதலில் ஏற்றுங்கள், சினிமாப் பாட்டு வேறு எங்காவது கிடைத்துவிடும், இது கிடைக்காது. கோப்புகள் இரண்டு டிஸ்க்கில் இருக்கட்டும், ஒன்று உங்கள் வீட்டில், இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் அண்ணனோ தங்கையோ வீட்டில். ஏற்றி முடித்த தட்டைத் தூக்கிப் போடாமல் புது உறையில் போட்டு, படுக்க வைக்காமல் நிற்க வைத்து, வெயில் படாத அறையில் வையுங்கள்.